இரண்டு பக்கமும் 27,340.50

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய கணினித்தாள் இருக்கிறது. இரண்டு ஓரத்திலும் ஓட்டை போட்டு, பச்சைப் பட்டை அடித்து, மடிப்பு மடிப்பாக வருமே, அந்தத் தாள். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் ரிப்பன் காய்ந்துபோயிருந்ததால் எழுத்து மங்கலாக விழுந்திருக்கும். அது ஓர் இருப்பாய்வு, அதாவது எல்லாக் கணக்குகளின் மீதியையும் ஒரே பட்டியலில் போட்டு, இரண்டு பக்கமும் சமமாகிறதா என்று பார்ப்பது. இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு. கடைசி வரியில் இரண்டு பக்கமும் 27,340.50.

1991. நான் கணக்கியல் விரிவுரையாளராகச் சேர்ந்து மூன்றாவது வருடம். பேரேட்டுக் கணக்குகளைப் படித்து இருப்பாய்வு தயாரிக்கும் நிரல் ஒன்றை, கோபோல் மொழியில், வகுப்பே சேர்ந்து எழுதியது. நான்கு வாரம் ஆனது. நிரல் கடைசியில் பிழை காட்டாமல் ஓடியது, பிரிண்டர் கீச் கீச் என்று தாளைத் துப்பியது, இரண்டு பக்கமும் டேலி. ஆய்வகத்தில் எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். கணக்கு எழுதிப் பழகியவர்களுக்குத் தெரியும், கடைசி வரி சமமாகும்போது தோளிலிருந்து ஏதோ இறங்குவது போல இருக்கும்.

பின்வரிசையில் ஒரு மாணவி மட்டும் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள். "மேடம், இயந்திரம் மட்டுமே 48,600 இருக்கு. மொத்தம் எப்படி 27,340 வரும்?"

யாரும் பேசவில்லை. தாளை வாங்கிக் கையால் கூட்டினேன். 1,27,340.50. வரவுப் பக்கத்தைக் கூட்டினேன். அதுவும் 1,27,340.50. மொத்தத்தை வைக்கும் இடத்துக்கு நாங்கள் கொடுத்திருந்த அகலம் ஐந்து முழு இலக்கமும் இரண்டு தசமமும்தான். ஆறாவது இலக்கம் வந்ததும் முன்னால் இருந்த 1 சத்தமில்லாமல் விழுந்துவிட்டது. இரண்டு பக்கமும் ஒரே அகலம், இரண்டிலும் ஒரே இலக்கம் விழுந்தது, அதனால் டேலி. அளவு மீறினால் நிறுத்திச் சொல் என்று கேட்க கோபோலில் தனி வாசகமே உண்டு. நாங்கள் அதை எழுதவில்லை. எழுத வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுக்கவும் இல்லை.

அதன்பிறகு முப்பது வருடம் நான் கற்றுக்கொடுத்தது எல்லாம் அந்தப் பெண் கேட்ட கேள்வியைத்தான் என்று சொன்னால் மிகையில்லை. ஓய்வு பெற்று சில வருடங்கள் ஆகின்றன. வேலையைப் பற்றி எழுதுங்கள் என்று பழைய மாணவர்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருந்தேன். இழுப்பறையைத் திறந்ததும் தெரிந்தது.

நான் படித்தது கணக்கியல். கணினி என் கைக்கு வந்தது ஏற்பாடு செய்து வந்ததல்ல. துறையில் 'தகவல் அமைப்புகள்' என்று புதிதாக ஒரு பாடம் வந்தது, மூத்தவர்கள் யாரும் எடுக்க விரும்பவில்லை, கால அட்டவணையில் என் பெயர் ஏறியது. மாணவர்களுக்கு இரண்டு பாடம் முன்னால் நான் படித்துக்கொண்டு போனேன். போகப் போகத்தான் இரண்டும் ஒரே குடும்பம் என்று தெரிந்தது. இந்தத் துறையின் தொடக்கமே அப்படித்தான். 1968-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மேலாண்மைத் தகவல் அமைப்புகளைத் தனிப் படிப்பாகத் தொடங்கி வைத்த கார்டன் டேவிஸ், தணிக்கையும் கணினியும் சந்திக்கும் இடத்தைப் பற்றி எழுதியவர். நிறுவனங்கள் கணினியை வாங்கியதும் முதலில் அதில் ஏற்றியதும் சம்பளப் பட்டியல் மாதிரிக் கணக்குகளைத்தான். இங்கிலாந்தில் லயன்ஸ் என்ற தேநீர்க்கடை நிறுவனம் தனக்கென்று லியோ என்ற கணினியையே கட்டி, 1951-லேயே அலுவலக வேலைக்கு ஓட்டியது. கணினி முதலில் வேலைக்குச் சேர்ந்த அறைகளில் ஒன்று கணக்கர் அறை.

முதல் வருட மாணவர்களிடம் வரும் முதல் தடுமாற்றம் எது தெரியுமா? தமிழில் நினைக்கிற பிள்ளைகளுக்கு அது இன்னும் அதிகம். ரொக்கம் உள்ளே வந்தால் ரொக்கக் கணக்கில் பற்று வைக்க வேண்டும். உடனே கை உயரும். "பணம் வந்தா வரவுதானே மேடம்? ஏன் பற்று?" நியாயமான கேள்வி. வீட்டில் வரவு செலவு என்று சொல்கிறோம். வந்தது வரவு, போனது செலவு. கணக்கியல் புத்தகத்தைத் திறந்தால் வந்தது பற்று, போனது வரவு. பாதிப் பேர் அந்த இடத்திலேயே மனதுக்குள் கதவைச் சாத்திவிட்டு மனப்பாடத்துக்குப் போய்விடுவார்கள்.

நான் இப்படிச் சொல்வேன். அந்தச் சொற்களை உன் பக்கத்திலிருந்து பார்க்காதே, அந்தக் கணக்கின் பக்கத்திலிருந்து பார். ரொக்கக் கணக்கு என்பது ஒரு காசாளர் என்று வைத்துக்கொள். காசு அவர் கையில் போய்ச் சேர்ந்தது, அவர் அதைப் பற்றிக்கொண்டார். இனி அந்தக் காசுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும், அவர் பெயரில் பற்று. காசை அவர் வெளியே கொடுத்துவிட்டால் பொறுப்பு இறங்குகிறது, அவர் பெயரில் வரவு. சொல்லின் வரலாறு இதுதான் என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் பற்று என்பது யாரோ ஒருவர் பதில் சொல்ல வேண்டிய தொகை என்று பிடிபட்ட பிறகு பிள்ளைகள் தடுமாறி நான் பார்த்ததில்லை. எண்ணுக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கிறார் என்பது முதல் வாரத்திலேயே பதிந்துவிட வேண்டும்.

பழைய ஆட்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பச்சோலி 1494-ல் வெனிஸில் அச்சிட்ட கணித நூலில், ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் ஒரு கணக்கில் பற்றாகவும் இன்னொன்றில் வரவாகவும் எழுதும் இரட்டைப் பதிவு முறைக்கு ஒரு பகுதி ஒதுக்கினார். அவர் அதைக் கண்டுபிடிக்கவில்லை. வெனிஸ் வணிகர்கள் ஏற்கனவே செய்துகொண்டிருந்ததை எழுதி வைத்தார். அவர் சொல்வது மூன்று புத்தகங்கள். நினைவேடு, குறிப்பேடு, பேரேடு. பின்னது இரண்டும் இன்று வரை பாடத்தில் இருக்கின்றன. முதலாவது காணாமல் போய்விட்டது. அந்த நினைவேட்டில்தான் எல்லாம் நடந்தது நடந்தபடி விழும். யார் வாங்கினார், எந்தச் சரக்கு, எத்தனை எடை, எந்த நாணயம், எப்போது தருவதாகச் சொன்னார் என்று ஒரு கதை போல. அதிலிருந்து சுருக்கிக் குறிப்பேடு, அதிலிருந்து இன்னும் சுருக்கிப் பேரேடு. பேரேட்டுக்கு வரும்போது கதை போய்விடும், தேதியும் தொகையும் மிஞ்சும்.

இதை நான் தெளிவாகப் புரிந்துகொண்டது பச்சோலியைப் படித்தபோது அல்ல, தரவுத்தளப் பாடம் எடுத்தபோது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் வில்லியம் மெக்கார்த்தி 1982-ல் ஒரு கட்டுரை எழுதினார். வளம், நிகழ்வு, பங்கேற்பவர் என்று மூன்றை மட்டும் பதிந்து வைத்தால் போதும், பற்றும் வரவும் அதிலிருந்து தானாகக் கணக்கிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். முதல் தடவை படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஐந்நூறு வருடப் பழக்கத்தை வேண்டாம் என்கிறாரே என்று நினைத்தேன். ஒரு விடுமுறையில் உட்கார்ந்து ஒரே ஒரு விற்பனையை இரண்டு முறையிலும் எழுதிப் பார்த்தேன்.

பேரேட்டில்: கடனாளி கணக்கு பற்று 6,300, விற்பனைக் கணக்கு வரவு 6,300. அவ்வளவுதான்.

மெக்கார்த்தியின் முறையில்: விற்பனை என்ற ஒரு நிகழ்வு, இந்த நாளில், இந்த நேரத்தில். வெளியே போன வளம், இந்தச் சரக்கில் ஏழு எண்ணம். விற்ற பணியாளர் இவர், வாங்கியவர் இவர். இதற்கு ஈடாக உள்ளே வரவேண்டிய இன்னொரு நிகழ்வு, பணம் பெறுதல், இன்னும் நடக்கவில்லை. அந்த 'இன்னும் நடக்கவில்லை' என்பதுதான் கடனாளி! பேரேட்டில் நான் தனிக் கணக்கு திறந்து வைத்திருந்த 6,300, இங்கே இரண்டு நிகழ்வுகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி. அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது. காகிதமும் மையும் எழுத ஆளும் செலவாகிற காலத்தில் சுருக்கத்தான் வேண்டியிருந்தது. கணினி வந்த பிறகு தொலைந்த நினைவேட்டைத் திரும்ப வைத்துக்கொள்ளலாம் என்கிறார் மெக்கார்த்தி என்று புரிந்தது. அடுத்த பருவத்திலேயே அதைப் பாடத்தில் சேர்த்தேன். ஓய்வு பெறும் வரை அதை நீக்கவில்லை.

இரண்டு துறை மாணவர்களும் சேர்ந்து உட்காரும் ஒரு விருப்பப் பாடத்தைப் பதினாறு வருடம் நடத்தினேன். என் பணிக்காலத்தில் எனக்கு மிகவும் பிடித்த வகுப்பு அது. கணினி மாணவர்கள் ஒரு பக்கமும் கணக்கியல் மாணவர்கள் ஒரு பக்கமும் உட்காருவார்கள். முதல் வேலையாகக் கலந்து உட்கார வைப்பேன். ஒரு பருவத்தில் ஒரு குழு அழகான ஒரு கணக்கு மென்பொருள் செய்து காட்டியது. திரை பளிச்சென்று இருந்தது. ஒவ்வொரு பதிவுக்குப் பக்கத்திலும் 'திருத்து' என்று ஒரு பொத்தான். தொகை தவறாகிவிட்டால் அதை அழுத்தி மாற்றிக்கொள்ளலாம். செய்து காட்டியவர் 5,470 என்று இருந்ததை 5,740 ஆக்கினார். உடனே மொத்தமெல்லாம் மாறின. எல்லோரும் தலையாட்டினார்கள்.

கணக்கியல் மாணவன் ஒருவன் கேட்டான். "பழைய 5,470 எங்க?"

"அது தப்பு. அதான் மாத்திட்டோமே."

"தப்புதான். ஆனா நேத்து வரைக்கும் அதுதானே இருந்தது? அதைப் பார்த்துத்தானே யாரோ ஒருத்தர் பணம் கட்டியிருப்பார்?"

அந்த வாதம் முக்கால் மணி நேரம் ஓடியது. நான் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். தரவுத்தளம் படித்தவருக்குத் திருத்துவது என்றால் பழையதன் மேல் புதியதை எழுதுவது. கணக்கு படித்தவருக்குத் திருத்துவது என்றால் தவறான பதிவு அப்படியே இருக்க, அதற்கு ஓர் எதிர்ப்பதிவு போட்டு, அப்புறம் சரியான பதிவைப் போடுவது. மூன்று வரி ஆகும். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் என்ன நடந்தது, எப்போது தெரிய வந்தது, யார் சரிசெய்தார் என்பது அந்த மூன்று வரியில் இருக்கும். மையால் எழுதிய பேரேட்டில் கீறி அழித்தால் கீறல் தெரியும். கணினியில் அழித்தால் அழித்த இடமே தெரியாது. அதனால் கணினியில் எதிர்ப்பதிவின் தேவை கூடுகிறதே தவிர குறையவில்லை. அந்தக் குழு பொத்தானை எடுத்துவிட்டு மறுபடி செய்து கொண்டுவந்தது. இன்றைக்கு நிரலாளர்களே அழிக்காமல் சேர்த்துக்கொண்டே போகும் பதிவேடுகளைப் பெரிதாகப் பேசுகிறார்கள். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது.

எக்செல் மாதிரியான விரிதாள் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. டான் பிரிக்ளின் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் மாணவராக இருந்தபோது, ஆசிரியர் கரும்பலகையில் ஒரு நிதி அட்டவணையை எழுதி, ஓர் எண் மாறியதும் அதைத் தொடர்ந்து வரும் எண்களையெல்லாம் அழித்து அழித்து எழுதியதைப் பார்த்தார். அந்தக் கரும்பலகை தானே மாற்றிக்கொண்டால் எப்படி இருக்கும் என்று யோசித்தார். அவரும் பாப் ஃபிராங்ஸ்டனும் சேர்ந்து செய்த விசிகால்க் என்ற விரிதாள் 1979-ல் வெளிவந்தது. கரும்பலகையில் பட்ஜெட் அட்டவணை போட்டு, கடைசிப் பத்தியில் தவறு கண்டுபிடித்து, மொத்தத்தையும் அழித்து எழுதிய ஆசிரியை நான். கை முழுக்கச் சுண்ணாம்புத்தூள். அந்த மாணவரின் யோசனைக்கு நான் மனதார நன்றி சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அழித்து எழுதும்போது ஒரு நன்மை இருந்தது. எந்த எண் எந்த எண்ணைத் தொடுகிறது என்று வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். விரிதாளில் அது கட்டத்துக்குள் ஒளிந்துகொள்கிறது. இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்களின் 2010-ஆம் ஆண்டுக் கட்டுரை. அரசுக் கடன் ஓர் அளவைத் தாண்டினால் வளர்ச்சி குறைகிறது என்ற அந்த முடிவைப் பல நாட்டு அரசியல்வாதிகள் மேற்கோள் காட்டினார்கள். மசாசுசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்தில் தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆய்வு மாணவர், வகுப்புப் பயிற்சிக்காக அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். வரவில்லை. மூல விரிதாளைக் கேட்டு வாங்கினார். சராசரி எடுக்கும் வாய்ப்பாடு 20 நாடுகளில் 15-ஐ மட்டும் எடுத்துக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் வெளியே. 2013-ல் அது வெளிவந்தது. அந்தக் கட்டுரையில் வேறு கேள்விகளும் இருந்தன, விளைவில் பெரிய பங்கு அவற்றுக்குத்தான். அதையும் மாணவர்களிடம் சொல்லிவிடுவேன். ஆனால் நான் அங்கே பார்ப்பது வேறொன்றை. வீட்டுப்பாடம் செய்த ஒரு மாணவர், விடை வரவில்லை என்றதும் தன் மீது மட்டும் சந்தேகப்படாமல் மூலத்தைக் கேட்டார். இரண்டு அறிஞர்களும் அதைக் கொடுத்தார்கள், வாய்ப்பாட்டில் இருந்த பிழையை ஒப்புக்கொண்டார்கள். கொடுத்ததையும் நான் மதிக்கிறேன்.

பதவி உயர்வைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. இரண்டு துறைக்கு நடுவில் நிற்பவர்களுக்கு எல்லா இடத்திலும் நடப்பதுதான். என் கட்டுரைகளைப் பார்த்துக் கணக்கியல்காரர்கள் இது கணினி என்றார்கள், கணினிக்காரர்கள் இது கணக்கியல் என்றார்கள். தேர்வுக் குழு ஒன்று ஒரு முறை எழுத்திலேயே அப்படிக் கொடுத்தது. நான்கு வருடம் தள்ளிப்போனது. வலித்தது. அதற்காகப் பாடத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

அதைவிட நான் விடாமல் சண்டை போட்டது விடைத்தாள் திருத்தும் முறைக்காக. கணக்கியல் விடைத்தாளில் முதல் வரியில் ஒரு தவறு நேர்ந்தால் பின்னால் வரும் எல்லா எண்ணும் தவறாகத்தான் இருக்கும். கையில் விடைக்குறிப்பை வைத்துக்கொண்டு எண்ணுக்கு எண் ஒப்பிட்டால் அந்தப் பிள்ளைக்குப் பூஜ்யம். நான் அப்படிச் செய்ய மாட்டேன். அவருடைய தவறான எண்ணை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து அவர் சரியாகப் போனாரா என்று தனியாகக் கணக்குப் போட்டுப் பார்ப்பேன். ஒரு தாளுக்கு இருபது நிமிடம்கூட ஆகும். உடன் திருத்துபவர்கள் எழுந்து போன பிறகும் உட்கார்ந்திருப்பேன்.

ஒரு தாள் நினைவில் நிற்கிறது. தேய்மானம் 1,200 வரவேண்டிய இடத்தில் அந்த மாணவர் 12,000 போட்டிருந்தார். இலாபம் நட்டமாகிவிட்டது. இருப்புநிலைக் குறிப்பிலும் அது அப்படியே இறங்கி, இரண்டு பக்கமும் அழகாகச் சமமாகியிருந்தது. கீழே, கடைசி நிமிடத்தில் எழுதியிருக்க வேண்டும், எழுத்து சாய்ந்து ஓடியது: "விற்பனை கூடியிருக்கிறது, செலவு கூடவில்லை, ஆனால் நட்டம் வருகிறது. எங்கோ தவறு இருக்கிறது. தேட நேரம் இல்லை." அந்த மூன்று வரிக்கு மதிப்பெண் திட்டத்தில் இடமே இல்லை. நான் கொடுத்தேன், ஏன் கொடுத்தேன் என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுபார்வையில் அதை எடுத்துவிடச் சொன்னார்கள், மறுத்தேன். பல கூட்டங்களுக்குப் பிறகு தொடர்பிழைக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது என்று விதியிலேயே எழுதினார்கள். என் பணிக்காலத்தில் நான் செய்த உருப்படியான காரியங்களில் அதை முதலில் வைப்பேன்.

கடைசி சில வருடங்களில் வகுப்பில் நான் அதிக நேரம் செலவிட்டது பிரிட்டிஷ் அஞ்சலக வழக்குக்கு. அஞ்சலகக் கிளைகளை ஒப்பந்தத்தில் நடத்துபவர்களுக்கு 1999 முதல் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் கொடுக்கப்பட்டது. ஃபுஜிட்சு நிறுவனத்துடையது. நாள் முடிவில் பெட்டியில் இருக்கும் ரொக்கமும் திரையில் இருக்கும் ரொக்கமும் ஒத்துப்போக வேண்டும். பல கிளைகளில் திரை அதிகம் காட்டியது, பெட்டியில் குறைந்தது. குறைந்ததைக் கிளை நடத்துபவர் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். கட்டினார்கள், கடன் வாங்கிக் கட்டினார்கள். கட்ட முடியாதவர்கள் மீது திருட்டு, பொய்க்கணக்கு என்று வழக்குகள் போடப்பட்டன. 1999-க்கும் 2015-க்கும் இடையில் 900 பேருக்கு மேல் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. சிலர் சிறைக்கே போனார்கள். ஆலன் பேட்ஸ் என்பவர் முன்னின்று 555 பேர் சேர்ந்து தொடுத்த வழக்கில், மென்பொருளில் கோளாறுகள் இருந்தன என்று 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தண்டனைகளை நீக்க 2024-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே கொண்டுவந்தது.

இதைச் செய்தியாகச் சொன்னால் பிள்ளைகள் உச்சுக்கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் ஒரு கோளாறை மட்டும் எடுத்துப் பலகையில் போடுவேன். டால்மெல்லிங்டன் என்ற இடத்தில் 2015-ல் நடந்தது. ஒரு கிளையிலிருந்து அதன் துணைக் கிளைக்கு 8,000 பவுண்டு ரொக்கம் மாற்றுகிறார் ஒருவர். பெற்றுக்கொண்டேன் என்று உறுதி செய்யும் திரை உறைந்து நிற்கிறது. யாராக இருந்தாலும் என்ன செய்வோம்? மறுபடி அழுத்துவோம். அவரும் அழுத்தினார். திரை அசையவில்லை, ஆனால் ஒவ்வொரு அழுத்தலும் உள்ளே ஒரு பதிவாக விழுந்தது. நான்கு முறை 8,000. வந்தது 8,000, கணக்கில் 32,000. குறைவு 24,000.

"இப்போ இந்த 24,000-க்கு யார் பதில் சொல்லணும்?" என்று கேட்டுவிட்டு நிறுத்துவேன். பற்று என்றால் யாரோ ஒருவர் பதில் சொல்ல வேண்டிய தொகை என்று நான்தானே முதல் வாரம் சொன்னேன். ஒரு மனிதர் பெறாத பணத்துக்கு அவர் பெயரில் பற்று ஏறினால் என்ன ஆகும் என்பதை அவர்களே சொல்லட்டும்.

கணக்கியல் மாணவர்கள் அனாமத்துக் கணக்கு என்பார்கள். சரியான விடை. வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று தெரியாதபோது, தெரியும் வரை அதை அனாமத்துக் கணக்கில் நிறுத்தி வைப்பது கணக்கர்கள் காலம் காலமாகச் செய்வது. தெரியவில்லை என்பதை நேர்மையாக எழுதி வைக்கும் இடம் அது. 2005 வாக்கில் அந்தக் கிளைகளுக்கு இருந்த அந்த வசதி எடுக்கப்பட்டது என்று சொல்வேன். குறையை ஈடுகட்டுகிறேன் என்றோ, மையக் கணக்கில் என் பெயரில் ஏற்றிக்கொள்ளுங்கள் என்றோ ஒப்புக்கொள்ளாமல் கணக்குக் காலத்தை முடிக்க முடியாது. 'எனக்குத் தெரியவில்லை' என்று சொல்ல ஒரு பொத்தான் இல்லை. கணினி மாணவர்கள் அந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள். அவர்கள் நாளைக்கு வடிவமைக்கப்போவது அந்தத் திரையைத்தான். இன்னொன்றும் சொல்வேன். மென்பொருள் நிறுவனத்தின் ஆட்களால் தொலைவிலிருந்தே கிளைக் கணக்கைத் தொட முடிந்தது, அப்படி முடியாது என்று பல வருடம் சொல்லப்பட்டுவந்தது. பழைய 5,470 எங்க என்று கேட்ட மாணவனை அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

இந்தப் பாடம் முடிந்த ஒரு நாள், வகுப்பு கலைந்த பிறகு ஒரு மாணவி நின்றாள். அப்பா ஒரு நிறுவனத்தில் காசாளராக இருந்ததாகவும், கணக்கில் குறைந்தது என்று வேலையிலிருந்து அனுப்பிவிட்டதாகவும் சொன்னாள். "அவர் எடுக்கலன்னுதான் சொன்னார். நான் நம்பல மேடம்." அதற்கு மேல் பேச முடியவில்லை. எனக்கும் சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. அவள் அப்பா எடுத்தாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பொறுப்பை ஒப்படைக்கும்போது எனக்குப் பின் வந்தவர் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்து எதை எடுக்கலாம் என்று கேட்டார். இளைஞர், நல்ல உழைப்பாளி. செயற்கை நுண்ணறிவுக்கு இடம் வேண்டும், எதையாவது குறைத்தாக வேண்டும். கோபோலை எடுங்கள் என்றேன். தேய்மானத்தில் அத்தனை முறைகள் வேண்டாம், இரண்டு போதும் என்றேன். வங்கிச் சரிகட்டும் பட்டியலில் அவர் கை நின்றது. "இதை இப்ப மென்பொருளே பண்ணிடுது மேடம்." அதைத் தொடாதீர்கள் என்றேன். நம் ஏட்டில் ஓர் எண், வங்கி ஏட்டில் வேறோர் எண், இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, அப்படியும் ஒத்துப்போகவில்லை. அதை உட்கார்ந்து, காசோலை காசோலையாக, தேதி தேதியாகப் பிரித்துப் பார்க்கிற பொறுமையை வேறு எந்தப் பாடத்தில் கொடுப்பீர்கள்? மென்பொருள் ஒத்துப்போனவற்றையெல்லாம் எடுத்து வைத்துவிடும். ஒத்துப்போகாமல் மிஞ்சுகிற நான்கைந்து வரி மனிதரிடம்தான் வரும். அவர் யோசித்துவிட்டு அதை வைத்துக்கொண்டார். இருப்பாய்வு, பிழைத்திருத்தம் பகுதிக்கு இரண்டு வகுப்பு வந்து எடுங்கள் என்று என்னையும் கேட்டுவிட்டார்.

அடுத்த மாதம் போகிறேன். பச்சைப் பட்டைத் தாளைக் கொண்டுபோகிறேன். மொத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் வரிசை வரிசையாகக் கைமாற்றி விடுவேன்.

இரண்டாவது வகுப்புக்கான கேள்வியை இந்த வாரம் முழுக்கத் தட்டிக்கொட்டிக்கொண்டிருக்கிறேன். கணக்கர்களுக்குள் ஒரு பழைய வழக்கம் உண்டு. இருப்பாய்வில் வரும் வேறுபாடு 9-ஆல் மீதியின்றி வகுபட்டால், இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். 5,740-ஐ 5,470 என்று எழுதினால் வேறுபாடு 270, ஒன்பதின் மடங்கு. இன்னொன்று, வேறுபாட்டைப் பாதியாக்கி அந்தத் தொகையைத் தேடுவது. பக்கம் மாறி எழுதிய பதிவு இரட்டிப்பாகத்தான் தெரியும். நான் வைத்திருக்கும் வேறுபாடு 450. ஒன்பதால் வகுபடும், பிள்ளைகள் உடனே இடம் மாறிய இலக்கத்தைத் தேடுவார்கள். அவர்களுக்காகவே ஏட்டில் 720 என்று ஒரு பதிவையும் வைத்திருக்கிறேன். திருப்பிப் போட்டால் 270, வேறுபாடு சரியாக 450. கண்டுபிடித்துவிட்டோம் என்று கை தூக்குவார்கள். அந்த 720-க்கான ரசீதையும் தாளில் சேர்த்திருக்கிறேன், அதில் 720 என்றுதான் இருக்கும். உண்மையான பிழை நான்கு வரி கீழே, பக்கம் மாறி விழுந்த 225.